பன்றிக் கொட்டகையிலிருந்து மாதம் ஒரு கட்டுரை

பட்டணத்தில் நல்ல வேலையில் இருப்பவர், 'கிராமத்தில் நிலம் வாங்கியிருக்கிறேன், கோழியும் ஆடும் வளர்க்கப் போகிறேன்' என்று கிளம்பி வந்தால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 'ரெண்டு வருஷம் தாங்குதான்னு பார்ப்போம்' என்பார்கள். 1938-ல் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்துக்கு அப்படி ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. கணவர் பெயர் இ. பி. ஒயிட், வயது நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. மனைவி கேத்தரின். பள்ளி செல்லும் வயதில் ஜோயல் என்று ஒரு மகன். கணவனும் மனைவியும் நியூயார்க் நகரத்தில் 'தி நியூயார்க்கர்' என்ற வார இதழில் வேலை பார்த்தவர்கள். அவர் எழுதுகிறவர், கேத்தரின் மற்றவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்துத் தேர்ந்தெடுத்துத் திருத்துகிறவர். வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாரம் தவறாமல் பத்திரிகைக்குச் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதித் தள்ளியதில் ஒயிட்டுக்குச் சலிப்பு வந்துவிட்டது.

நிலம் ஐந்து வருடம் முன்பே, 1933-ல் வாங்கியது. நார்த் புரூக்ளின் என்ற சிற்றூரில் 40 ஏக்கர், ஒரு பழைய பண்ணை வீடு, பெரிய தொழுவம். நிலத்தின் ஒரு கோடி கடலில் போய் முடிகிறது. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட நிலங்களை உப்புநீர்ப் பண்ணை என்றே சொல்வார்கள். குளிர்காலம் நீளம், பயிர்க்காலம் குட்டை. பனி உருகிய பிறகுதான் மண்ணைத் தொட முடியும். இலையுதிர் காலத்திலேயே மறுபடி உறைபனி வந்து நிற்கும். கோடையில் வெட்டிக் காயவைத்த புல்தான் குளிர்காலம் முழுக்க ஆடு மாடுகளுக்கு.

அந்த நேரத்தில்தான் 'ஹார்ப்பர்ஸ்' என்ற மாத இதழ் அவரை அழைத்தது. மாதம் ஒரு கட்டுரை, மாதம் 300 டாலர். என்ன எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் பண்ணையில் நடந்தது, மனதில் ஓடியது, படித்த புத்தகம், வானொலியில் கேட்டது எதுவானாலும் சரி. 'ஒன் மேன்ஸ் மீட்' என்று தலைப்பு வைத்தார். ஒருவருக்கு விருந்தாக இருப்பது இன்னொருவருக்கு விஷம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அதன் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்கு இது ஒத்துப்போகிறது, உங்களுக்கு எப்படியோ என்கிற அடக்கம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. 1943 வரை அந்தப் பகுதி வந்தது.

அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் தெரிவது, அவர் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்ளவே இல்லை என்பதுதான். 15 ஆடுகள், முட்டைக்காக 148 பெட்டைக் கோழிகள், வாத்து, நாய், பூனை, ஒரு பன்றி என்று ஒரு சமயம் கணக்குக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, இதையெல்லாம் யாரும் விவசாயம் என்று சொல்ல மாட்டார்கள், பிராணிகளோடு விளையாடுவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவே, இது அக்கம்பக்கத்தாருக்கும் தெரியும், பொறுத்துப் போகிறார்கள் என்கிற பாணியில் எழுதுகிறார். அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது முட்டைக் காசில் அல்ல, எழுத்துக் காசில். பட்டணத்திலிருந்து வந்து நாலு மாதம் நிலத்தில் நின்றதும், ஊராருக்குப் பாடம் சொல்லத் தொடங்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஒயிட் அந்த வேலையைச் செய்யவில்லை. அண்டை வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். செய்த தவறைத் தேசம் முழுக்கப் படிக்கும் பத்திரிகையில் எழுதினார்.

படித்தவர்களின் விவசாய அறிவைப் பற்றி அவர் 1942-ல் எழுதிய ஒரு கட்டுரை வேளாண் துறையில் இருப்பவர்களைச் சிரிக்கவும் வைக்கும், கொஞ்சம் நெளியவும் வைக்கும். விவசாயிகள் விஞ்ஞானத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், ஆனால் அதற்காகச் சட்டென்று தலைகுப்புற விழுந்துவிட மாட்டார்கள் என்கிறார். புத்தகம் எழுதும் நிபுணர்களைக் காலையில் தாமதமாக எழுந்திருக்கும் கூட்டம் என்று போகிற போக்கில் ஒரு குத்து. கோழி வளர்ப்புப் புத்தகங்களைப் படித்துப் படித்து வளர்த்தவர் அவர். குத்துவது தன்னையும் சேர்த்துத்தான்.

இன்னொரு கட்டுரை சுண்ணாம்பு பற்றியது. மெய்ன் பகுதி மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமிலத் தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் இட்ட மணிச்சத்தும் பயிருக்குச் சரியாகக் கிடைக்காது, குளோவர் போன்ற பயறு வகைத் தீவனப் பயிர்களும் தேறாது. அரைத்த சுண்ணாம்புக் கல்லை இட்டால் புளிப்பு குறையும். அந்த ஆண்டுகளில் அமெரிக்க அரசு, மண்வளத்தைக் காப்பதற்காக விவசாயிகளுக்குச் சுண்ணாம்பை இலவசமாகவே கொடுத்தது. ஒயிட்டும் மனுப் போட்டார், வந்தது, நிலத்தில் இறைத்தார். நிலத்துக்கு நல்லதுதான். ஆனால் மனதில் ஒரு நெருடல். இந்தச் சுண்ணாம்புக்கு யார் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்ட பிறகு கொடுத்த கைக்குக் கொஞ்சம் கடன்பட்டவனாகிவிட்டோமே என்று யோசிக்கிறார். திட்டம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வாங்கியபோது உள்ளுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் பார்க்கிறார். மானியத்துக்கு வரிசையில் நிற்பவர்களும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களும் இப்படி ஒரு நாள் யோசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

விவசாய வீட்டில் எழுதுவதற்கு நேரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் அவருடைய 1941 அக்டோபர் கட்டுரையைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுரை முழுவதுமே அன்று செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். பூசணியைப் பின்திண்ணையிலிருந்து பரணுக்கு ஏற்ற வேண்டும் என்று தொடங்கி, இதைப் பழுது பார்க்க வேண்டும், அதைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும், அதற்கு முன் இன்னொன்றைத் தேட வேண்டும் என்று ஒரு வேலை அடுத்த வேலையை இழுத்துக்கொண்டே போகிறது. படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். கடைசியில் பார்த்தால் மணி நாலு, இருட்டப் போகிறது. பட்டியலை எழுதியதிலேயே பொழுது போய்விட்டது. வேலை ஒன்றும் ஆகவில்லை. மாதக் கட்டுரை மட்டும் முடிந்துவிட்டது! சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கும் தவிப்பு உண்மையானது. கொட்டகையில் இருக்கும்போது எழுதவில்லையே என்ற குற்ற உணர்வு, மேசையில் இருக்கும்போது கொட்டகையில் கிடக்கும் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் ஐந்து வருடம் காலந்தள்ளினார்.

உலகம் அப்போது சும்மா இருக்கவில்லை. 1938 செப்டம்பரில் மியூனிக் நகரத்தில் ஹிட்லரோடு உட்கார்ந்து செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியைத் தாரை வார்க்கும் ஒப்பந்தம் நடந்த நாட்களில், ஒயிட் தன் தொழுவத்தின் கூரை மேல் உட்கார்ந்து பலகை ஓடு மாற்றிக் கொண்டிருந்தார். அதை அப்படியே எழுதினார். தேசங்கள் கைமாறும் நேரத்தில் ஒருவன் தன் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது சரியா, கூரையிலிருந்து இறங்கி வந்து ஏதாவது செய்ய வேண்டுமா என்ற கேள்வி அதிலிருந்து தொடங்கி, போர் முடியும்வரை அவரை விடவில்லை. 1940-ல் பாரிஸ் வீழ்ந்த பிறகு சுதந்திரம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் கோழியும் இல்லை, ஆடும் இல்லை. கோபம் மட்டுமே இருந்தது. ஹிட்லர் வென்றுவிட்டான், இனி அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று பேசத் தொடங்கிய படித்தவர்கள் மேல் வந்த கோபம் அது.

அமெரிக்கா போரில் இறங்கியதும் உணவு உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அரசு கேட்டது. 1942-க்குத் தன் பண்ணையின் இலக்கு என்று அவர் எழுதியதைப் பாருங்கள்: 100 பவுண்டு கம்பளி, 14 ஆட்டுக் குட்டிகள், 4,000 டஜன் முட்டை, 10 பன்றிகள், 9,000 பவுண்டு பால். பால் நம் கணக்கில் சுமார் 4,000 கிலோ. முட்டை 48,000. விளையாட்டாக வளர்க்கிறேன் என்று சொன்னவர்தான் இவர். பாலுக்காக முதன்முதலாக ஒரு பசுவை வாங்கிக் கயிற்றைப் பிடித்துத் தொழுவத்துக்கு நடத்தி வந்த அன்று, இளவயதில் முதல் தடவையாக ஒரு பெண்ணை நாடகம் பார்க்க அழைத்துப் போனபோது இருந்த கூச்சமும் பெருமிதமும் மறுபடி வந்தன என்று எழுதியிருக்கிறார். முதல் மாடு வாங்கி ஓட்டி வந்த நாள் நினைவிருப்பவர்களுக்கு இது புரியும்.

படித்தது, பார்த்தது, கேட்டது பற்றியும் அந்தக் கட்டுரைகளில் நிறைய உண்டு. அவருக்கு உயிரான புத்தகம் ஒன்று இருந்தது. தோரோ என்பவர் 1845-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் என்ற குளத்தங்கரையில் தானே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு இரண்டு வருடம் தனியாக வாழ்ந்து, பிறகு அதைப் பற்றி எழுதிய 'வால்டன்'. தோரோ அங்கே பீன்ஸ் பயிரிட்டார். செலவு போக நிகரமாக 8 டாலர் 71½ சென்ட் நின்றது என்று அரை சென்ட்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார். ஒயிட் அந்தக் குளத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, இறந்து பல காலமான தோரோவுக்கே கடிதம் எழுதுவது போல ஒரு கட்டுரை எழுதினார். முடிவில் தோரோ பாணியிலேயே தன் பயணச் செலவுக் கணக்கு: துணிச் செருப்பு 1.95, பேஸ்பால் மட்டை 0.25, இடக்கைக்காரருக்கான கையுறை 1.25, தங்கலும் சாப்பாடும் 4.25, ஆக 7.70 டாலர். மட்டையும் கையுறையும் வீட்டில் காத்திருக்கும் பையனுக்கு. தனிக்கட்டையாக வாழ்ந்து எளிமை பேசியவருக்கு, பிள்ளை உள்ள வீட்டின் எளிமை எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு வரிச் செலவு சொல்லிவிடுகிறது. சந்தைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாத தகப்பன்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள் ஒலிக்கும் வானொலியைப் பற்றி எழுதினார். பிரமாண்டமான உலகக் கண்காட்சியை நியூயார்க்கில் போய்ப் பார்த்துவிட்டு, சளி பிடித்த மூக்கோடு எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதினார். தொலைக்காட்சி வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே, 1938-ல், அதைப் பற்றி அவர் யோசித்ததுதான் இன்று படிக்கும்போது சற்றுத் திடுக்கிட வைக்கிறது. கண்ணுக்கு எட்டாத தூரத்தைக் காட்டும் அந்தப் பெட்டிதான் இனி வரும் காலத்துக்குப் பரீட்சை என்று கருதினார். தூரத்தில் நடப்பது நிஜமாகிப் போய், பக்கத்தில் நடப்பது மங்கிவிடும். படத்தில் கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறவன் தன் வீட்டுக் கதவு சாத்துவதைக் கவனிக்க மாட்டான் என்று பயந்தார். கைப்பேசியைப் பார்த்தபடியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் இந்தக் காலத்தில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரைகள் 1942-லேயே புத்தகமாக வந்தன. போர்முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கென்று சட்டைப் பையில் வைக்கும் அளவில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் மாதக் கெடு அவரைத் தின்றுகொண்டிருந்தது. கோழியும் மாடும் ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம், உடம்பும் மனசும் தளர்ந்தன. நியூயார்க்கில் 'தி நியூயார்க்கர்' அலுவலகத்திலோ ஆட்கள் பலர் போருக்குப் போய்விட்டார்கள். 1943-ல் மாதக் கட்டுரையை நிறுத்திவிட்டுக் குடும்பம் நகரத்துக்குத் திரும்பியது. பண்ணையை விற்கவில்லை, போய் வந்துகொண்டிருந்தார்கள். 1957-ல்தான் நிரந்தரமாக மெய்னுக்கே வந்து சேர்ந்தார்கள்.

மாதக் கெடு போனாலும் மாதக் கட்டுரை எழுதிய கை போகவில்லை. 1947 செப்டம்பரில் பண்ணையில் இருந்தபோது நடந்தது இது.

அந்த ஊர் வழக்கப்படி வசந்த காலத்தில் ஒரு பன்றிக் குட்டி வாங்கி, கோடை முழுக்க வீட்டுக் கழிவும் தீவனமும் போட்டு வளர்த்து, குளிர் நன்றாக இறங்கியதும் வெட்டுவார்கள். குளிர்காலத்துக்கு இறைச்சி ஆயிற்று. ஒயிட்டும் அப்படித்தான் வளர்த்தார். ஒரு மாலை பன்றி தீனிக்கு வரவில்லை. கொட்டகையின் மூலையில் வைக்கோலில் படுத்துக் கிடந்தது. பன்றி தீனியை மறுக்கிறது என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று வளர்ப்பவருக்குத் தெரியும். தொலைபேசியில் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். விளக்கெண்ணெய் ஊற்றிப் பார், கேட்காவிட்டால் சோப்புத் தண்ணீரால் எனிமா கொடு என்று யோசனை வந்தது. வயிற்றடைப்பு என்று முடிவு கட்டி, மகனும் அவருமாகப் பன்றியைப் புரட்டிப் பிடித்து வாயில் எண்ணெயை ஊற்றினார்கள். மூங்கில் குழாயில் மாட்டுக்கு மருந்து புகட்டியவர்களுக்கு அந்தக் காட்சி கண் முன் நிற்கும். வீட்டு நாய் ஃபிரெட் எல்லாவற்றுக்கும் கூடவே ஓடி வந்து, தானே டாக்டர் போல மேற்பார்வை பார்த்தது. மறுநாள் எனிமாவும் நடந்தது.

பன்றி தேறவில்லை. தோலில் தடிப்புகள் தெரிந்தன. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். எரிசிபெலஸ் ஆக இருக்கலாம் என்றார். அது பாக்டீரியாவால் வரும் நோய். காய்ச்சல் கடுமையாக இருக்கும், தீனி எடுக்காது, தோலில் சிவந்த திட்டுகள் எழும்பும், தொடக்கத்தில் மலம் இறுகுவதும் உண்டு. அதனால்தான் வயிற்றடைப்பு என்று ஏமாந்து போகிறோம். இன்று பென்சிலின் ஊசி இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: கையில் வெட்டுக் காயத்தோடு நோய்ப்பட்ட பன்றியைத் தொட்டால் மனிதருக்கும் தொற்றலாம். ஒயிட்டின் கையில் அப்போது காயம் இருந்தது. அதை நினைத்து அவர் பயந்ததையும் எழுதியிருக்கிறார். பன்றி வளர்க்கும் வாசகர்கள் நோய்ப்பட்ட பன்றியைத் தொடும் முன் கையுறை போட்டுக்கொள்வதை மறக்க வேண்டாம்.

இரவில் லாந்தரை எடுத்துக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்தார். ஒரு தடவை போனபோது பன்றி செத்துக் கிடந்தது. காட்டோரத்தில் ஒரு ஆப்பிள் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஃபிரெட் அங்கேயும் வந்து குழியின் ஓரத்தில் நின்றது. ஊர்க்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஒரு வீட்டில் பன்றி வேளைக்கு முன் செத்துப் போவதை அந்த ஊர் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

இந்தக் கதையை அவர் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் 1948 ஜனவரியில் எழுதினார். அதில் அவரை உறுத்தியது பண நஷ்டம் அல்ல. வெட்டுவதற்காகத்தான் வளர்த்தார். ஆனால் நோயில் விழுந்ததும் அதே பன்றிக்கு நண்பனாகவும் வைத்தியனாகவும் ஆகிவிட்டார். இரண்டு மாதத்தில் கத்தியோடு வந்திருக்க வேண்டியவர், எனிமா பையோடு ராத்தூக்கம் இல்லாமல் நின்றார். காப்பாற்றவும் முடியவில்லை. சாப்பிடுவதற்காக வளர்த்ததற்கு ஏன் இத்தனை அழுகை என்று கேட்பவர்கள் எதையும் வளர்த்திராதவர்கள். பண்டிகை விற்பனைக்கு என்று கிடா வளர்க்கிற வீடுகளில், அதற்குக் கழிச்சல் கண்டால் யாரும் விலையைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில்லை. ஆனால் அதை யாரும் எழுதி வைப்பதும் இல்லை. ஒயிட் எழுதினார். தன் அவசர வைத்தியம் தவறாக இருந்திருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அதே தொழுவத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறச் சிலந்தி இருந்தது. இலையுதிர் காலத்தில் அது முட்டைப் பை கட்டுவதை ஒயிட் கவனித்துக்கொண்டே இருந்தார். தாய்ச் சிலந்தி அப்புறம் காணவில்லை. குளிருக்கு முன் முட்டையிட்டுவிட்டுச் சாவதுதான் அந்த வகையின் ஆயுள். நகரத்துக்குக் கிளம்பும்போது ஏணி போட்டு ஏறி அந்தப் பையை அறுத்து எடுத்து, மூடியில் துளையிட்ட மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நியூயார்க்குக்கே கொண்டுபோய்விட்டார். படுக்கையறை மேசையில் வைத்தார். சில வாரங்களில் துளை வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் வெளியே வந்தன. சீப்புக்கும் கண்ணாடிக்கும் நகவெட்டிக்கும் இடையில் நூல் கட்டத் தொடங்கின. அவர் பாட்டுக்கு விட்டுவிட்டார். வீடு பெருக்க வந்த அம்மா, இந்த மேசைப் பக்கம் நான் வரமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தார்.

ஒரு பன்றியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று மனதில் கிடந்ததற்கு வழி காட்டியது அந்தச் சிலந்திதான். வெட்டுக் கத்திக்குப் போகவிருந்த பன்றியை, தன் வலையில் எழுத்துகளைப் பின்னி ஒரு சிலந்தி காப்பாற்றுகிறது. அதற்காக அவர் சும்மா கற்பனை செய்யவில்லை. சிலந்தி பற்றிய விஞ்ஞானப் புத்தகங்களை எடுத்துப் படித்தார், அருங்காட்சியகத்து நிபுணரிடம் கேட்டார். நிபுணர்களைக் குத்திய அதே ஆள்தான். முதல் வரைவை எழுதி முடித்து ஒரு வருடம் கிடப்பில் போட்டார். எருவை மக்க விடுவது போலத்தான். மறுபடி எடுத்தபோது ஃபெர்ன் என்ற சிறுமியை உள்ளே கொண்டுவந்தார். போட்ட குட்டிகளில் நோஞ்சான் ஒன்றைக் கொல்லக் கோடரியோடு போகும் அப்பாவை அந்தப் பெண் ஓடிப்போய்த் தடுக்கிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது. 1952 அக்டோபரில் 'சார்லட்ஸ் வெப்' வெளியானது. குழந்தைகளுக்கான புத்தகம். ஆனால் தொழுவத்தின் சாண வாசம், தீனித் தொட்டியில் என்ன கிடக்கும், வாத்து முட்டையில் எது கூமுட்டை என்பதெல்லாம் வளர்த்தவர் எழுதியது என்று தெரியும்படி இருக்கும். சிலந்தி 514 முட்டையிட்டுவிட்டு, சந்தைத் திடலில் தனியாகச் சாகிறது. பன்றி பிழைக்கிறது. குழந்தைகள் அழுவார்களே என்பதற்காகச் சிலந்தியைப் பிழைக்க வைக்க அவர் ஒப்பவில்லை. சிலந்தியின் ஆயுள் அவ்வளவுதான்.

இத்தனையும் எழுதியது கடலோரத்தில் படகு வைக்கும் ஒரு சின்னக் கொட்டகையில். ஒரு பலகை மேசை, ஒரு பெஞ்சு, குப்பை போட ஒரு பீப்பாய். ஜன்னலைத் திறந்தால் கடல். பெரிய மேசை வாங்கினால்தான் எழுத்து வரும் என்று காத்திருப்பவர்கள் அந்தப் புகைப்படத்தை ஒரு முறை பார்க்கலாம்.

கேத்தரினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெய்னில் இருந்தபடியே தபாலில் வரும் கதைகளைத் திருத்திப் பத்திரிகை வேலையைப் பார்த்தவர் அவர். விதைக் கம்பெனிகள் அச்சிட்டு அனுப்பும் விலைப்பட்டியல்களை அவர் நாவல் போல வரிவிடாமல் படிப்பார். யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள், யார் புளுகியிருக்கிறார்கள் என்று 1958-லிருந்து 'தி நியூயார்க்கர்' இதழில் அந்தப் பட்டியல்களுக்கே விமரிசனம் எழுதினார். விதைப் பட்டியலில் உள்ள படத்தை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதை இலக்கியப் பத்திரிகையில் எடை போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். முதுமையில் உடம்பு மிகவும் நலிந்த பிறகும் ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்வார். கையில் ஒரு வரைபடம். எந்தப் பூக்கிழங்கு எந்த இடத்தில் என்று சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்தவர் தோண்டி ஊன்றுவார். அடுத்த வசந்தத்தைத் தான் பார்ப்பது நிச்சயமில்லை என்று தெரிந்தே அப்படிச் செய்தார் என்று ஒயிட் எழுதியிருக்கிறார். கேத்தரின் 1977-ல் காலமானார். அந்தத் தோட்டக் கட்டுரைகளை 1979-ல் புத்தகமாக்கியது கணவர்தான்.

1970-ல் 'சார்லட்ஸ் வெப்' கதையை ஒலிப்பதிவுக்காக ஒயிட் தானே படித்தார். சிலந்தி சாகும் இடம் வந்ததும் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி. மறுபடியும் உடைந்தது. அந்த ஒரு பகுதிக்கு 17 தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெரிய ஆள் தான் எழுதிய சிலந்திக்காகத் தானே அழுவதா என்று அவருக்கே வெட்கமாக இருந்ததாம்.

கடைசி வருடத்தில் நினைவு தப்பத் தொடங்கியது. அதற்குள் அதே ஊரில் படகு கட்டுகிறவராகிவிட்ட மகன் ஜோயல், தினமும் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கட்டுரைகளையே அவருக்குப் படித்துக் காட்டுவார். விளக்கெண்ணெய் ஊற்றுவதற்குப் பன்றியைப் பிடித்த அதே மகன். சில நாள் ஒயிட் கையை உயர்த்தி நிறுத்தி, இதை எழுதியது யார் என்று கேட்பார். நீங்கள்தான் அப்பா என்பார் மகன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பரவாயில்லை, மோசமில்லை என்பார் அப்பா. 1985 அக்டோபர் 1 அன்று அந்தப் பண்ணை வீட்டிலேயே உயிர் பிரிந்தது.